நட்சத்திரக் குறிக்குப் பதினான்கு பக்கம்

அந்த வீட்டுச் சலவை இயந்திரத்தின் மூடியில் மூன்று தாள்கள் ஒட்டியிருக்கும். எந்தப் பொத்தான் எதற்கு என்பது முதல் தாள். எந்தத் துணியை எதனோடு சேர்த்துப் போடக் கூடாது, ஏன் கூடாது, போட்டுத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்பது இரண்டாவது. முதல் இரண்டு தாள்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றையும் எழுதியவர் அந்த வீட்டு அம்மா. அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடமாக அந்த மனிதர் ஒரே ஒரு பொத்தானைத்தான் அழுத்துகிறார். துணியும் வெளுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மகள் கல்லூரியில் முதல் வருடம். அம்மாவிடம் எதைக் கேட்பதானாலும் முன்னெச்சரிக்கையாக, "ஆமாவா, இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா" என்று வேலி போட்டுவிட்டுத்தான் கேட்பாள். அம்மாவும் "ஆமா" என்றுதான் ஆரம்பிப்பார். "ஆனா எப்பெல்லாம் ஆமான்னா..." என்று அது இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது மகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள்.

இதை ஒரு நோய் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் அவருடைய பிழைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே கையேடு எழுதுவது அவர் வேலை. கணினியில் கோப்புகள் மலைபோலக் குவிந்து கிடக்கும் ஆட்களுக்கு, அவற்றை ஒதுக்க, நகர்த்த, அழிக்க ஒரு புரோகிராமை அந்த நிறுவனம் விற்றது. எக்ஸ்ரே எடுப்பவர்கள், போட்டோ ஸ்டூடியோக்காரர்கள், வீட்டு வரைபடம் போடுபவர்கள் எல்லாம் வாங்கினார்கள். புரோகிராமில் ஒரு வரிக் கட்டளை இருந்தால் அதற்கு நாலு பக்கம் விளக்கம் எழுதுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'உரையக்கா' என்று பெயர். அவருக்கு அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

அதற்கு முன் ஆறு வருடம் அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினார். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, பிரித்தால் திரும்ப மடிக்கவே வராதே, அந்தத் தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. ஒரு நாள் 'சாப்பிட்ட பிறகு' என்ற இரண்டு சொல் விட்டுப்போனதை, அச்சாகி அடுக்கிய பிறகு அவர்தான் கண்டுபிடித்தார். நாற்பதாயிரம் தாள் குப்பைக்குப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று பிடித்த பயம் அவரை விடவில்லை. சொல்லாமல் விட்ட ஒன்று எங்கோ யாரோ ஒருவர் வயிற்றில் போய் உட்காரும் என்று அவர் மனதார நம்பினார்.

அவருக்கு நேர் எதிர் மேசையில் இருந்தவர் தலைமைப் புரோகிராமர். ஒட்டடைக்குச்சி உயரம். வாயில் வார்த்தை எண்ணித்தான் வரும். எழுதினால் அதைவிடக் கம்மி. அதனால் அவர் பெயர் 'சூத்திரம்'. சூத்திரமும் உரையும் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன நடக்குமோ அது தினமும் நடந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஃபிளாஸ்க்கில்தான் காபி குடித்தார்கள்.

புதிய பதிப்பு வெளிவர ஒரு மாதம் இருந்தபோது கையேட்டின் பன்னிரண்டாம் பகுதியில் சண்டை வந்தது. அது கோப்புகளின் பெயரை முழுதாக அடிக்காமல், வைல்ட்கார்டு என்னும் குறிகளைப் போட்டு மொத்தமாகப் பிடிப்பது பற்றிய பகுதி. நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எத்தனை எழுத்து இருந்தாலும் பொருந்தும். கேள்விக்குறி போட்டால் சரியாக ஒரே ஓர் எழுத்துக்குப் பொருந்தும். வெள்ளிக்கிழமை மாலை சூத்திரம் அதற்கு ஒரு வரி எழுதி அனுப்பினார்: 'கோப்புப் பெயர்களில் வழக்கமான வைல்ட்கார்டு குறிகள் செல்லும்.'

உரையக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார். "தம்பி, வழக்கமானன்னா யாருக்கு வழக்கம்?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"தெரிஞ்சவங்க எதுக்கு கையேட்டைத் தொறக்கப் போறாங்க?"

"தெரியாதவங்களும் தொறக்கறதில்லக்கா" என்றார் சூத்திரம். அது அவருக்கு நீளமான பேச்சு.

உரையக்கா விடவில்லை. சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்தார். ஒரு காலி ஃபோல்டரில் வேண்டுமென்றே கோணல்மாணலான பெயர்களில் கோப்புகளை உண்டாக்கி ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒன்றுமே இல்லாத இடத்திலும் நட்சத்திரம் பொருந்திவிடுகிறது, இது எத்தனை பேருக்குத் தெரியும்? உள்ளே இன்னொரு ஃபோல்டர் இருந்தால் அதற்குள்ளும் போகுமா? ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா, வேறா? பெயரிலேயே கேள்விக்குறி இருந்துவிட்டால்? அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டதில் புதன்கிழமைக்குள் பன்னிரண்டாம் பகுதி பதினான்கு பக்கம் ஆனது. ஆறாம் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. ஒன்றாம் வகுப்புப் படங்களை மட்டும் அழிப்பதாக நினைத்து 'வகுப்பு1*' என்று அடித்தால் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளும் சேர்ந்து போகும், ஏனென்றால் அவையும் ஒன்றில்தான் ஆரம்பிக்கின்றன. இந்த எச்சரிக்கையை எழுதியபோது அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

முதலாளியம்மாவுக்கு இரண்டையும் பார்த்துத் தலை சுற்றியது. ஒரு பக்கம் ஒரு வரி, மறுபக்கம் பதினான்கு பக்கம். நியாயமான மனுஷி. ஒளித்துப் பேசாமல் இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு பதினொரு மணிக்கு நம்ம ஸ்டூடியோ அம்மா வர்றாங்க. அவங்க கையில ரெண்டையும் குடுப்போம். எதை வெச்சு வேலை நடக்குதோ அதுதான் இனிமே மொத்தக் கையேட்டுக்கும் வழி. ஒரு வரி போதும்னு ஆச்சுன்னா, தப்பா எடுத்துக்காதீங்கம்மா, உங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் வேலைதான் இருக்கும்."

ஸ்டூடியோ அம்மா பள்ளிக்கூடங்களில் வகுப்பு வகுப்பாகக் குழுப்படம் எடுப்பவர். புரோகிராமை முதன்முதலில் வாங்கிய ஆள். வாரம் ஒரு முறை போன் செய்து, "ஏம்மா, உங்க சாமான் மறுபடியும் என்னமோ பண்ணுது" என்பார். அவரைவிட நல்ல நீதிபதி கிடைக்க மாட்டார் என்பதை உரையக்காவே ஒப்புக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் என்பதை மட்டும் அவர் வீட்டில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே உரையக்கா வந்துவிட்டார். பதினான்கு பக்கத்தையும் அச்செடுத்து, மூலையில் பின் அடித்து, அழகாக நீட்ட வேண்டும் என்பது திட்டம். அதற்கு முன் ஃபோல்டரைக் கொஞ்சம் ஒழுங்கு செய்யலாம் என்று தோன்றியது. இந்த 'கொஞ்சம் ஒழுங்கு செய்யலாம்' எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது என்று கணக்கே இல்லை. கையேட்டில் பதினேழு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 'பகுதி1-வரைவு4' என்கிற மாதிரிப் பெயரில் ஏகப்பட்ட வரைவுகள். ஒன்றாம் பகுதி அச்சகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் ஒன்பது வரைவுகள் இனி எதற்கு? புதிய பதிப்பையே சோதித்த மாதிரியும் இருக்கும் என்று தங்கள் புரோகிராமைத் திறந்து அழிக்கச் சொன்னார். பெயர் இருக்கும் இடத்தில் 'பகுதி1*' என்று அடித்தார்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் திரையில் வந்தது: அழிக்கப்பட்டவை 212.

ஒன்பதுக்குப் பதிலாக இருநூற்றுப் பன்னிரண்டு. உரையக்கா ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். பகுதி ஒன்றோடு பத்து முதல் பதினேழு வரை எல்லாம் போயிருந்தன. பன்னிரண்டும் போயிருந்தது. ஆறாம் பக்கத்து எச்சரிக்கையும், அந்த எச்சரிக்கை சொன்ன விதத்திலேயே, போயிருந்தது. புதிய பதிப்பு குப்பைத்தொட்டியில் வைக்காது, நேராக அழித்துவிடும். இதையும் அவரேதான் பத்தாம் பகுதியில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தார்.

கடிகாரத்தில் மணி 9.40. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலைதான் எல்லாவற்றுக்கும் நகல் எடுப்பார்கள். போன வெள்ளிக்கிழமை நகலில் மற்றப் பகுதிகள் பத்திரமாக இருந்தன. பன்னிரண்டாவதில் மட்டும் தலைப்பும் ஒன்றரை வரியும் இருந்தன. அந்த ஒன்றரையில் ஒரு வரி சூத்திரம் எழுதியது.

சூத்திரத்திடம் கேட்டால் ஒருவேளை மீட்டுத் தருவார். ஆனால் இன்றைக்கு, அவரிடம் போய், இப்படி ஒரு காரியத்தை எப்படிச் சொல்வது? எதிர் மேசையில் சூத்திரம் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார். "என்னக்கா, முகமே சரியில்ல?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றார் உரையக்கா. எதையும் விளக்காமல் அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னது அன்றுதான். சூத்திரம் ஒரு நொடி சந்தேகமாகப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

உரையக்கா மாடிப்படிக்கு வந்து கணவருக்குப் போன் போட்டார்.

"ஏங்க, ஒரு விஷயம். நான் காலைல என்ன பண்ணேன்னா, மொதல்ல ஃபோல்டரைத் தொறந்து..."

"இரும்மா, இங்க மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல ரெண்டு பேரு மாட்டிக்கிட்டிருக்காங்க. அவசரமா?"

"அவசரம்தான். சரி, அவங்ககிட்ட நீங்க இப்ப என்ன சொன்னீங்க?"

"யாருகிட்ட?"

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட."

"என்னத்தைச் சொல்றது. கதவை இழுக்காதீங்க, மணியை அழுத்திட்டு நில்லுங்கன்னேன். போன தடவை இதே லிஃப்ட்ல யாரோ கதவை இழுத்து விரலை நசுக்கிக்கிட்டாங்க, அதையும் சொன்னேன். அதைச் சொன்னாத்தான் கையை எடுக்கறாங்க. மோட்டார் ஏன் நின்னுச்சுன்னு அப்புறம் வெளிய வந்து கேப்பாங்க, அப்ப சொல்லிக்கலாம். நீ என்ன சொல்ல வந்தே?"

"சாயங்காலம் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். கணவர் அங்கே போனைக் காதிலிருந்து எடுத்து, வைத்தது தன் மனைவிதானா என்று எண்ணைப் பார்த்திருப்பார்.

ஒரு மணி நேரம் இருந்தது. பதினான்கு பக்கத்தைத் திரும்ப எழுத முடியாது. உட்கார்ந்து, நினைவில் இருந்ததில் எது இல்லாவிட்டால் விரல் நசுங்குமோ அதை மட்டும் எழுதினார். ஒரு பக்கம் வந்தது. அதன் முதல் பத்தியை எழுதும்போது கை இரண்டு முறை நின்றது. இதைப் போட்டால் மானம் போகும், போடாவிட்டால் அந்தப் பக்கத்துக்கு உயிர் இல்லை. கடைசியில் போட்டுவிட்டார்.

பதினொரு மணிக்கு ஸ்டூடியோ அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். அவருடைய படங்களின் நகல் ஒன்றை ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பை மட்டும் அழிக்க வேண்டும். முதலில் சூத்திரத்தின் ஒரு வரி.

"வழக்கமான குறின்னா ஸ்டார்தானேப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் 'வகுப்பு1*' என்று அடித்தார். உரையக்கா சுவரைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அதைப் பார்க்கத் தெம்பு இல்லை.

"ஒண்ணாவது போயிடுச்சு. நல்லது. எங்க, பத்தாவதைக் காணோம்? பன்னெண்டாவதும் காணோமே? அந்தப் பிள்ளைங்கல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டே போயிட்டாங்கப்பா. இது நகலா இல்லாம இருந்தா, மறுபடி எங்க போய்க் கூட்டி வந்து நிக்க வெக்கிறது?"

"அதுதான் வழக்கம்" என்றார் சூத்திரம். சொன்ன பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை போலிருக்கிறது, கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

ஃபோல்டரைப் பழையபடி நிரப்பிவிட்டு உரையக்கா ஒற்றைத் தாளை நீட்டினார். முதலாளியம்மாவின் புருவம் ஏறியது. பதினான்கு எங்கே என்று அவர் கண் கேட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் சூத்திரம். "அவங்க ஏற்கனவே ஒரு தடவை பட்டுட்டாங்க. இப்ப ஜாக்கிரதையாத்தான் இருப்பாங்க. இது சரியான சோதனை இல்ல."

"பட்டேன், வாஸ்தவம்தான். ஆனா எதுல பட்டேன்னு தெரியலையேப்பா" என்றார் ஸ்டூடியோ அம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு. பிறகு சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார்.

'இந்தக் கையேட்டை எழுதியவர், பகுதி 1-ஐ மட்டும் அழிப்பதாக நினைத்து பகுதி1* என்று அடித்து, இன்று காலை 9.40-க்கு 212 கோப்புகளை அழித்தார். பத்தும் பன்னிரண்டும் ஒன்றில்தான் ஆரம்பிக்கின்றன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அழித்தார். ஆகவே நீங்கள், அழிப்பதற்கு முன், அதே குறியைப் போட்டு முதலில் "காட்டு" என்று கேளுங்கள். வருகிற பட்டியலை எண்ணுங்கள். நீங்கள் நினைத்த எண் வந்தால் மட்டும் அழியுங்கள்.'

முதலில் சிரித்தது ஸ்டூடியோ அம்மா. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"இது நெஜமாம்மா?"

"நெஜம்தாங்க."

"பெரிய ஆளுதான் போங்க. உங்களுக்கே இப்படின்னா நான் எந்த மூலைக்கு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் 'காட்டு' கேட்டார். பட்டியலில் பன்னிரண்டாம் வகுப்பு தலை நீட்டியது. "அடடே, இவனும் வர்றானே" என்றார். தாளைப் பார்த்தார். அதில் கீழே சொல்லியிருந்தபடி, படங்களின் பெயரில் ஒன்றுக்குப் பின்னால் வரும் சிறு கோட்டையும் சேர்த்து 'வகுப்பு1-*' என்று போட்டார். மறுபடி காட்டச் சொன்னார். எண்ணினார். அழித்தார். ஒன்றாம் வகுப்பு மட்டும் போனது.

உரையக்கா தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். ஆனால் ஸ்டூடியோ அம்மா எழுந்திருக்கவில்லை.

"சரிம்மா, இது ஆச்சு. எங்கிட்ட போன வருஷத்துப் படத்துல கோடே இல்ல, புள்ளி வெச்சிருக்கேன். அதுக்கு? சிலது பெரிய எழுத்துல இருக்கு, சிலது சின்ன எழுத்துல. அப்புறம் ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் வெச்சிருக்கேன், அதுக்குள்ளயும் போய் அழிச்சிடுமா? இதெல்லாம் எங்க போட்டிருக்கு?"

உரையக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு வாசகர் அவரிடம் இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்டதே இல்லை. கேட்ட நாளில் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை.

"போட்டிருந்தேங்க" என்றார். "பதினாலு பக்கம். அந்த இருநூத்திப் பன்னெண்டுல அதுவும் ஒண்ணு."

முதலாளியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சூத்திரம் எழுந்து தன் மேசைக்குப் போய், கீழ் இழுப்பறையைத் திறந்து, பின் அடித்த ஒரு கற்றையைக் கொண்டுவந்து உரையக்கா முன் வைத்தார். பதினான்கு பக்கம். ஓரமெல்லாம் பென்சில்.

"நேத்து சாயங்காலம் எடுத்தேன்" என்றார்.

"படிச்சீங்களா தம்பி?"

"ரெண்டு தடவ. ஒம்பதாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "பதினொண்ணாம் பக்கத்துல இருக்கறது உங்க தப்பு இல்ல. நீங்க எழுதினதுதான் சரி, புரோகிராம்தான் தப்பா பண்ணுது. சரி பண்ணிட்டேன்" என்றார்.

"படிச்சவரு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

முதலாளியம்மாவுக்கு முடிவெடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒற்றைத் தாள் முன்னால், 9.40 உட்பட ஓர் எழுத்தும் மாறாமல். பதினான்கு பக்கம் பின்னால், தேடிப் போகிறவர்களுக்கு. மற்றப் பகுதிகளும் அதே மாதிரி. "அதுக்கு வாரத்துல ரெண்டு நாள் பத்தாதும்மா. எப்பவும்போல வாங்க. தேவைப்பட்டா சனிக்கிழமையும் வாங்க" என்றார். உரையக்கா, சனிக்கிழமை எந்தெந்த நிலைமையில் வரலாம், எந்தெந்த நிலைமையில் வர முடியாது என்று விளக்க ஆரம்பித்தார். முதலாளியம்மா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு உரையக்கா கற்றையைப் புரட்டினார். பென்சில் குறிப்புகள் அநேகமாக எல்லாம் ஒரு சொல், இரண்டு சொல். 'சரி.' 'எனக்கே தெரியாது.' 'நல்ல உதாரணம்.' இந்த மூன்றாவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் பக்கத்தில், ஒன்றாம் வகுப்போடு பன்னிரண்டாம் வகுப்பும் போகும் என்ற எச்சரிக்கைக்குப் பக்கத்தில், 'இப்படியும் ஒருவர் செய்வாரா?' என்று இருந்தது.

உரையக்கா தன் பென்சிலை எடுத்து அதற்குக் கீழே எழுதினார்: 'செய்வார். இன்று 9.40.' ஒன்பதாம் பக்கத்துத் தப்பைத் திருத்தி, கற்றையை எதிர் மேசையில் வைத்துவிட்டு, மூன்று தாள்களில் எதைக் கிழிப்பது என்று சலவை இயந்திரத்தை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் நடந்ததைக் கணவரிடம் முதலிலிருந்து சொல்லி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மாட்டிக்கொண்ட இரண்டு பேரும் நல்லபடியாக வெளியே வந்துவிட்டார்கள் என்பதைக் கணவர் நடுவில் எங்கோ ஓரிடத்தில் சொன்னார்.

மறுநாள் காலை கற்றை உரையக்காவின் மேசைக்குத் திரும்பி வந்திருந்தது. ஆறாம் பக்கம் திறந்தபடி இருந்தது. அவர் எழுதியதற்குக் கீழே, அதே மெல்லிய பென்சிலில் இருந்தது: 'நானும். போன வருடம். மூன்று மாத வேலை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.'

உரையக்கா நிமிர்ந்து பார்த்தார். சூத்திரம் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு நீளமாக எழுதி அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. உரையக்கா ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு கோப்பையில் காபி ஊற்றினார்.